நகரக் குப்பையும் நகர மாந்தர் கடனும்

2017ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 14ஆந் திகதி, சித்திரைப் புத்தாண்டுத் தினத்தன்று பிற்பகலில், கொழும்பு மாநகரின் கிழக்கெல்லையை அடுத்துக் கொலன்னாவை நகர சபைக்குட்பட்ட மீத்தொட்டமுல்ல என்னும் இடத்திலே குப்பைமலை ஒன்று சரிந்து வீழ்ந்தது. மலையடிவாரத்திலே குடியிருந்தோருள் 32 பேர் மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தும் சிதைந்தும் போயின. பண்டிகை நாளாதலின் பலரும் வீட்டிலேயே இருந்தனர். மாண்டவர்கள் அக்குப்பையை அவ்விடத்திற் கொட்டியவர்கள் அல்லர். அதனை அங்கே கொட்டவேண்டாம் என்று பல்லாண்டு காலம் ஆர்ப்பாட்டம் செய்துவந்த மக்களே அவர்கள். அம்மலையிற் பெரும்பங்கு கொழும்பு நகரத்தவராகிய எம்முடைய அடுக்களைகளிலும், கடைகளிலும், கந்தோர்களிலும், கல்யாண மண்டபங்களிலுமிருந்து சென்றதாகும்.

மங்கலமான விழா மலரிலே குப்பையைப் பற்றி எழுதுவதா என முகஞ்சுளிப்போரும் சிலர் உளராகலாம். கல்லூரியின் பெருமையையும், ஆசிரியர்தம் அருமையையும், விளையாட்டு வீரர்தம் வெற்றிகளையும் எழுதுவதற்கு எம்மினும் வல்லார் பலர் இம்மலரிலே உளர். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ நாள்தோறும் காலையில் ஒவ்வொரு வீட்டின் படலையிலும் வந்து நிற்பது. நகரிலே கண்ட இடமெல்லாம் குப்பை கொட்டப்படுவது எதனால், அதனை ஊரவர் கூடித் தடுத்த இடங்களில் அஃது எவ்வாறு இயன்றது, எவ்விடத்தில் இடறிற்று என்பனவற்றை இயன்றவரை விளக்க முயல்வோம்.

குப்பை மேடு ஒன்று பிறக்கும் விதத்தை நாம் எல்லாரும் கண்டிருக்கின்றோம். ஓர் ஒழுங்கையின் முடக்கு. அல்லது வீடு கட்டாமற் கிடக்கும் ஒரு வெறுவளவு. அல்லது வாய்க்காற் கரை. அங்கே ஒருநாள் இரவு யாரோ ஒரு பையை வைத்துவிட்டுப் போகின்றார். மறுநாள் அது அகற்றப்படவில்லையாயின், இரண்டாவது பையை வைப்பவருக்கு அவ்விடம் குப்பைக்குரிய இடமாகவே தோன்றுகின்றது. பத்து நாளில் நாயும் காகமும் வந்துவிடுகின்றன. கட்டட வேலைக்காரர் உடைத்த கல்லையும் சீமெந்தையும் லொறியிலே கொணர்ந்து கொட்டும் நிலை வரும்போது அம்மேடு நிலைபெற்றுவிட்டது எனலாம். குப்பை போடுவோர் வெட்கமற்றவர்கள் என்று ஏசுவது எளிது. ஆனால் அவர்கள் இரவிலேயே வருகின்றார்கள் என்பதையும், விடியற்காலையிற் கூட்டிக் கோலமிடப்பட்ட வாசலின் முன் எவரும் போடுவதில்லை என்பதையும் நோக்கினால், வெட்கம் அவர்களிடம் நிறையவே உண்டு என்பது புலனாகும். எவருடைய கண்ணும் படாத இடத்தையே அவர்கள் தேடுகின்றார்கள். அன்றியும், காலை ஆறு மணிக்கே வேலைக்குப் புறப்பட்டுவிடும் ஒருவருக்கு, ஒன்பது மணிக்கு வரும் மாநகர சபையின் உழவு இயந்திரத்தால் யாது பயன்? வாடகை அறையிலே தனித்து வாழும் இளைஞன் மூன்று நாட் குப்பையை எங்கே வைத்திருப்பான்?

மதிலிலே தெய்வப் படங்களைப் பதித்துக் குப்பையைத் தடுக்கும் வழக்கம் இந்தியாவிலும் இங்கும் பரவியிருக்கின்றது. தெய்வத்தை ஊர்க்காவலுக்கு வைக்கும் இவ்வழக்கம் எமக்கு உடன்பாடன்று. அதனால் விளைவதும் பெரிதாக ஒன்றுமில்லை. குப்பை பத்து யார் தள்ளி, படமில்லாத மதிலடிக்குப் போய்விடுகின்றது.

சட்டம் இல்லாமலும் இல்லை. வீதியிலே அழுக்கை எறிவதைத் தண்டிக்கும் தொல்லைகள் கட்டளைச் சட்டம் 1862ஆம் ஆண்டிலேயே இத்தீவில் இயற்றப்பட்டது. 1947ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டமோ வீட்டுக் குப்பையையும் தெருக் குப்பையையும் அகற்றும் கடமையைச் சபைமேற் சுமத்தி, சபை சேகரித்த குப்பை சபையின் சொத்தே என்றும் விதிக்கின்றது. இதிலே ஒரு நுட்பம் உண்டு. சேகரிக்கப்படும் வரையில் அது யாருடையது? வீட்டுக்காரருடையதே. எனினும் படலைக்கு வெளியே ஓர் அடி சென்றவுடன் அதனை ஊராருடையதாகக் கருதுவது எம்மவர் வழக்கமாகிவிட்டது.

இனி, சபை சேகரித்த குப்பை சென்ற வழியைப் பார்ப்போம். வடகொழும்பிலே புளூமெண்டல் பகுதியில் வளர்ந்த குப்பைமலை 2009ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றின் கட்டளையால் மூடப்பட்டது. அதற்குப் பதிலாக, கொலன்னாவை நகர சபை முன்னரே குப்பை கொட்டிவந்த மீத்தொட்டமுல்லவிலே சிறிதளவு நிலம் தற்காலிகமாகக் குறிக்கப்பட்டது. தற்காலிகம் என்ற அச்சொல் எட்டாண்டு நீடித்தது. நிலமோ ஏறத்தாழ 20 ஏக்கராகப் பரந்தது. இறுதிக் காலத்திலே நாளொன்றுக்கு ஏறத்தாழ 800 தொன் அங்கே குவிக்கப்பட்டதாகச் செய்திகள் கூறின.

அம்மலை ஏன் சரிந்தது என்பதை அறிதல் நன்று. எமது குப்பையிலே பாதிக்கு மேற்பட்டது சோறு, கறி, காய்கறித் தோல், மீன் செதில், இலை போன்ற அழுகும் பொருளாகும். இவை காற்றோட்டமுள்ள இடத்திற் கிடந்தால் மண்ணாகின்றன. பொலித்தீன் பைகளிற் கட்டுண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அமுக்கப்பட்டுக் காற்றின்றிக் கிடந்தாலோ, எரியக்கூடிய மீதேன் வாயுவையும், கரிய நாற்ற நீரையும் தோற்றுவிக்கின்றன. மழைநீரும் உள்ளே இறங்குகின்றது. இவ்வாறு நீரூறிய பெருஞ்சுமை ஒன்று, சதுப்பான மென்னிலத்தின்மேல், உரிய சரிவும் வடிகாலும் இன்றி எழுப்பப்பட்டால் அடிநிலம் தாங்கமாட்டாது. மண்சரிவிலே நிகழ்வது போன்றே இங்கும் நிகழ்ந்தது.

விபத்தின் பின் நிகழ்ந்தவை எம்மவர் மறக்கத்தகாதவை. குப்பை செல்ல இடமின்றி நகர வீதிகளிலே தேங்கிற்று. வேறிடங்களுக்குக் கொண்டுசென்ற லொறிகளை அவ்வவ்வூரவர் மறித்தனர். அம்மாதத்திலேயே குப்பை அகற்றல் அத்தியாவசிய சேவை எனப் பிரகடனஞ் செய்யப்பட்டது. வீதியிலே குப்பை போட்டோரைப் பொலிஸார் கைதுசெய்தனர். அவ்வாண்டில் இலங்கை முழுவதிலும் 186,101 பேருக்கு டெங்குக் காய்ச்சல் கண்டதாகச் சுகாதாரப் பகுதியினர் கணக்கிட்டனர். மழைநீர் தேங்கும் சிரட்டையும் யோகட் கோப்பையும் ரயரும் அந்நோயைப் பரப்பும் நுளம்புக்குத் தொட்டில்கள் என்பதை மாணவரும் அறிவர். பின்னர், புத்தளம் மாவட்டத்து அருவக்காலுவிலே நிலநிரப்புத் தளம் ஒன்றை அமைத்து, ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தூரம் புகையிரதத்திலே குப்பையை அனுப்பும் திட்டம் எழுந்தபோது, புத்தளத்து மக்கள் 2018ஆம் ஆண்டிலே மாதக்கணக்கிற் சத்தியாக்கிரகம் இருந்தனர். தூரம் கூடிற்றேயன்றி வழக்கு மாறவில்லை. 2021ஆம் ஆண்டு கெரவலப்பிட்டியவிலே குப்பையை எரித்து 10 மெகாவாற் மின்சாரம் பெறும் நிலையம் திறக்கப்பட்டது. அது நகரின் சுமையை ஓரளவு குறைத்ததென்பதில் ஐயமில்லை. ஆயினும் நீர் நிறைந்த சோற்றையும் கறியையும் எரிப்பது, ஈரவிறகிலே உலை வைப்பது போன்றதேயாம்.

ஊரவர் கூடிச் செய்யும் துப்புரவு எனின் எம் நாட்டவருக்கு முதலில் நினைவுக்கு வருவது சிரமதானம். 1958ஆம் ஆண்டிலே கொழும்பு நாளந்தாக் கல்லூரி ஆசிரியராயிருந்த ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவரைப் பின்தங்கிய கிராமமொன்றுக்கு அழைத்துச் சென்று தொடங்கிய பணியே சர்வோதய சிரமதான இயக்கமாக வளர்ந்தது. ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து இத்தகைய இயக்கம் தோன்றியது பள்ளிக்கூடத்தார் எல்லாருக்கும் பெருமை தருவது. ஆனால் கிராமத்திலே வீதி வெட்டுவதற்கும் கிணறு தோண்டுவதற்கும் பொருத்தமான முறை, குப்பைக்கு அத்துணை பொருத்தமானதன்று. வெட்டிய வீதி நெடுங்காலம் நிற்கும்; கூட்டிய மூலை மறுநாளே நிரம்பும். மண்வெட்டி, தலைப்பாகை, புகைப்படம் என்பவற்றோடு ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடும் துப்புரவு, திங்கட்கிழமைக் குப்பைக்கு வழி சொல்லவில்லையாயின் இரண்டு வாரமும் தாங்காது.

திங்கட்கிழமைக் குப்பைக்கு வழி சொல்ல முயன்றோருள் சென்னை நகரத்து எக்ஸ்னோரா இயக்கத்தவரை முதலிற் குறிப்பிடல் வேண்டும். 1989ஆம் ஆண்டிலே எம். பி. நிர்மல் என்னும் வங்கி அலுவலர் இதனைத் தோற்றுவித்தார். சிறப்பும் புதுமையும் தீவிரமும் வாய்ந்த கருத்துக்கள் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களைக் கோத்து அமைத்த பெயர் அது. ஒரு தெருவார், ஏறத்தாழ எழுபத்தைந்து அல்லது நூறு வீட்டார், ஒரு மன்றமாகக் கூடுவர். வீட்டுக்கு வீடு மாதந்தோறும் ஒரு சிறு தொகை சேர்த்து, ஒரு மூன்று சக்கர வண்டியும் வாங்கி, ஓர் ஆளையும் அமர்த்துவர். அவர் காலைதோறும் படலைப்படலையாக வந்து குப்பையை வாங்கிச் செல்வார். குப்பை பொறுக்கி வாழ்ந்தவர்களையே பெரும்பாலும் இவ்வேலைக்கு அமர்த்தி, 'தெருவை அழகுபடுத்துவோர்' என்று அவர்களுக்குப் பெயருஞ் சூட்டினர். பெயரிலே என்ன இருக்கின்றது என்று கேட்கலாம். நேற்றுவரை நாயோடு போட்டியிட்டுத் தொட்டியைக் கிளறிய ஒருவரை வீட்டார் பெயர் சொல்லி அழைத்து, மாதச் சம்பளம் கொடுத்தமை சிறிய காரியமன்று.

இம்முறை பல தெருக்களிலே பயன் தந்ததற்குக் காரணம் வெளிப்படையானது. வண்டி குறித்த நேரத்தில் வந்தது. வராவிட்டால் யாரைக் கேட்பதென்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. காசு கொடுத்தவர் எவரும் இரவிலே பையோடு மூலைக்குப் போகவேண்டிய தேவையில்லை. ஆனால் வண்டிக்காரர் அக்குப்பையை எங்கே கொண்டுபோவார்? அடுத்த பெருந்தெருவிலுள்ள மாநகராட்சித் தொட்டிக்கு. அங்கிருந்து லொறி எடுத்துச் செல்லாத நாட்களிலே தெரு துப்புரவாயிருக்க, தொட்டியடி நாறிற்று. லொறி எடுத்துச் சென்ற நாட்களிலோ அது கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும் போயிற்று. பெருங்குடிக் குப்பைமேடு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்திலே அமைந்தது. பறவைகள் வந்து தங்கும் அந்நிலம் 2022ஆம் ஆண்டிலே உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலிற் சேர்க்கப்பட்டது என்பதையும் இங்கே நினைக்கத்தகும். உரம் செய்யவேண்டும் என்று எக்ஸ்னோராவினரும் சொல்லியும் செய்தும் வந்தனர்; எனினும் பெரும்பாலான தெருவார்க்குத் தம் தெரு துப்புரவானதே போதுமாயிருந்தது. 2000ஆம் ஆண்டிலே மாநகராட்சி மூன்று வலயங்களின் துப்புரவை வெளிநாட்டு நிறுவனமொன்றின் கிளையிடம் ஒப்படைத்த பின், இனி நாம் ஏன் காசு கொடுக்கவேண்டும் என்ற எண்ணம் எழுந்து மன்றங்கள் பல தளர்ந்தன.

தம் தெருவோடு நின்றுவிட்ட முயற்சி, அது எத்துணை நல்லதாயினும், பிறர் ஊரிலே குப்பை கொட்டும் முயற்சியாகவே முடிந்துவிடக்கூடும் என்பது எமது துணிபு. தனியொருவர் இரவிலே அயல் வளவில் எறிவதை நாம் களவு என்கின்றோம். ஒரு நகரமே பகலிலே அயற் கிராமத்திற் கொட்டுவதை நிருவாகம் என்கின்றோம்.

இதனை ஒரு நகரத்துக்கு அதன் அயற் கிராமத்தாரே உணர்த்திய வரலாறு கேரளத்து ஆலப்புழையிலே உண்டு. தென்னையும் வாய்க்காலும் கடலும் மழையும் சூழ்ந்த நகரம் அது. சமையலும் உணவும் எம்முடையவற்றை ஒத்தன. ஆதலின் குப்பையும் எம்முடையதை ஒத்ததே. 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நகர சபை எல்லைக்குள் ஏறத்தாழ 174,000 பேர் வாழ்ந்தனர். நாள்தோறும் சேரும் குப்பையிற் பெரும்பங்கு, அயலிலுள்ள சர்வோதயபுரம் என்னும் இடத்துக்கு லொறியிற் சென்றது. அங்கே உரம் செய்யும் ஆலை என ஒன்று இருந்தும், பிரிக்கப்படாத குப்பை மேடாகவே வளர்ந்தது. 2012ஆம் ஆண்டிலே அவ்வூரவர் லொறிகளை மறித்து நின்றுவிட்டனர். நகரத்திலே வாய்க்காலும் சந்தியும் குப்பையால் நிரம்பின.

அந்நிலையிலே வேறொரு கிராமத்தைத் தேடிப் போகாமல், அழுகுங் குப்பை பிறந்த இடத்திலேயே மண்ணாகவேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தனர். அவ்வாண்டு நவம்பரிலே, அத்தொகுதிச் சட்டசபை உறுப்பினராயிருந்த தோமஸ் ஐசக்கின் முயற்சியோடு, சில வட்டாரங்களிலே பணி தொடங்கிற்று. வளவு உள்ளவர் வீட்டிலே சாண எரிவாயுக் கலன் போன்ற ஒன்றை வைத்து, அடுக்களைக் கழிவிலிருந்து சமையலுக்கே வாயு பெற்றனர். சிறு வளவினர் இரண்டு குழாய்களை நிலத்திலே நட்டு, ஒன்று நிறைய மற்றதை நிரப்பத் தொடங்கி, அது நிறைவதற்குள் முதலதில் உரம் எடுத்தனர். செலவிற் பெரும்பகுதியை அரசும் நகர சபையும் ஏற்றன. வளவே இல்லாதவர்க்கு வட்டாரந்தோறும் பொதுத் தொட்டிகள் அமைக்கப்பட்டன.

இத்தொட்டியின் அமைப்பைச் சற்று விரித்துச் சொல்வோம். எம்மவர் கட்டுவதற்கு இது எளிது. கேரள மாநிலக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தும்பூர்முழி நிலையத்திலே உருவானமையால் தும்பூர்முழித் தொட்டி எனப் பெயர்பெற்றது. நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 4 அடி. சுவர்களிலே செங்கல்லுக்குச் செங்கல் இடைவெளி விட்டுக் கட்டுவர். காற்று நாற்புறமும் நுழையவேண்டும் என்பதே இதன் உயிர்நாடி. அடியிலே சாணம், அதன்மேற் காய்ந்த சருகு, அதன்மேல் அடுக்களைக் கழிவு, மறுபடியும் சாணம், சருகு, கழிவு. சாணத்திலுள்ள நுண்ணுயிர்கள் காற்றின் துணையோடு கழிவை உண்ணும்போது உள்ளே வெப்பம் மிகுகின்றது. அவ்வெப்பத்தினால் புழுவும் ஈயின் முட்டையும் அழிகின்றன. சருகு ஈரத்தை உறிஞ்சி, காற்றுக்கு வழியும் விடுகின்றது. கிளறவேண்டியதில்லை. தொட்டி நிறைந்தபின் ஏறத்தாழ 90 நாட்களில் உரம் எடுக்கலாம். ஒழுங்காக அடுக்கினால் நாற்றம் இல்லை. நாற்றம் எழுந்தால், சருகு போதவில்லை என்பது பொருள்.

நாற்றமில்லை என்று சொன்னால் யார் நம்புவார்? தம் வீட்டருகிலே தொட்டி வேண்டாம் என்று ஆலப்புழையிலும் மக்கள் தடுத்தனர். முன்னர் குப்பைமேடாயிருந்த மூலைகளையே தெரிந்தெடுத்துத் தொட்டி அமைத்து, கூரையிட்டு, செடி வைத்து, பொறுப்பாளர் ஒருவரையும் நிறுத்தியபின்னரே எதிர்ப்புத் தணிந்தது. குப்பை கொட்டும் இடத்திலே இப்போது ஆள் நிற்கின்றார். பொலித்தீனோடு கட்டிய பையை அவர் வாங்கமாட்டார். ஒளிந்து எறிவதற்கு உரிய இருட்டு அங்கே இல்லாமற் போயிற்று. 2017ஆம் ஆண்டிலே ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிறுவனம் கழிவு முகாமையில் எடுத்துக்காட்டான ஐந்து நகரங்களைக் குறிப்பிட்டபோது ஆலப்புழையும் அவற்றுள் ஒன்றாயிற்று. எல்லாம் செம்மையாயின என்பதன்று. பிளாஸ்ரிக்குக்குத் தனிவழி தேடவேண்டியிருந்தது. விடுதிகளின் பெருங்கழிவும் தொல்லை தந்தது.

பிளாஸ்ரிக்கைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எறிபவர்மேல் மாத்திரம் பழியைப் போடுவது முறையன்று. அமெரிக்காவிலே 1953ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பெரிய துப்புரவு இயக்கத்தின் பின்னால் நின்றவருட் போத்தலும் தகரப் பேணியும் செய்யும் கம்பனியார் முக்கியமானவர். எறியாதே என்று மக்களுக்குச் சொல்வது, திருப்பியெடுக்கும் பொறுப்பைத் தாம் ஏற்பதிலும் அவர்க்கு மலிவாயிருந்தது. எம் பழைய மாணவர்களுள் மூத்தோர் சோடாப் போத்தலை நினைத்துப் பார்க்கட்டும். அதனை வாய்க்காலில் எறிந்தவர் எவருமிலர். கடையிலே திருப்பிக் கொடுத்தாற் காசு கிடைத்ததன்றோ? அவ்வாறே மதியச் சோறு வாழையிலையிற் கட்டப்பட்ட காலத்திலே, எறிந்த பொதி மாட்டுக்கு உணவாயிற்று. பின்னர் மெல்லிய பொலித்தீன் தாள் வந்தது. 2017 செப்ரெம்பர் முதலாந் திகதி முதல் அத்தாளும் இருபது மைக்ரோனிலும் மெல்லிய பொலித்தீனும் தடைசெய்யப்பட்டன; 2023 ஒக்ரோபரிலே உறிஞ்சு குழாய், கரண்டி, இடியப்பத் தட்டு முதலிய பிளாஸ்ரிக் பொருட்களும் தடைக்குள்ளாயின. தடையைத் தெரிந்த வாடிக்கையாளர் கேட்டால்தான் கடைக்காரர் இலையைத் தேடுவார்.

இவையெல்லாம் கொழும்பிலே இயலுமா என்று கேட்பர். குப்பையைப் பிரித்தே கொடுக்கவேண்டும் என்ற விதி 2016 நவம்பர் முதல் உள்ளூராட்சிச் சபைகள் பலவற்றிலே நடைமுறைக்கு வந்ததாகையால் பாதிவழி திறந்தே இருக்கின்றது. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் எம்மவர் பெரும்பாலார் தொடர்மாடிகளிலே வாழ்கின்றனர். அங்கே ஒவ்வொரு தொடர்மாடிக்கும் முகாமைக் குழு உண்டு. மாதச் சந்தா உண்டு. வாகனம் நிறுத்தும் முற்றமும் உண்டு. சென்னைத் தெருவார் புதிதாகக் கட்டியெழுப்பவேண்டியிருந்த மன்றம் இங்கே முன்னரே அமைந்திருக்கின்றது. மின்தூக்கிக்கும் காவலாளிக்கும் சந்தா சேர்க்கும் குழு, இரண்டு தொட்டிகளுக்கும் ஒரு பணியாளருக்கும் சேர்க்க இயலாதா? நான்கடித் தொட்டி இரண்டுக்கு வேண்டிய இடம், ஒரு மோட்டார் வண்டி நிற்கும் இடத்திலும் குறைவு. விளையும் உரத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு, எம் வாழ்க்கையிலே ஒருமுறையேனும் தோட்டஞ் செய்த எவரும் விடை சொல்வர்.

கல்லூரிக்கும் ஒரு வேலை உண்டு. விழாக் காலத்திலே நடைபெறும் விருந்துக்கு நூற்றுக்கணக்கானோர் வருவர். எச்சில் இலையும் மிஞ்சிய சோறும் சாம்பாரும் எங்கே செல்லும் என்று விழாக் குழுவினரை நாம் கேட்க விரும்புகின்றோம். மைதானத்தின் ஓரத்திலே நிழல்மரங்கள் நிற்கின்றன. கூட்டிக் கொளுத்தப்படும் அவற்றின் சருகு ஒரு தொட்டிக்கு வேண்டியதிலும் மிகுதி. செங்கல்லும் சீமெந்தும் வாங்கப் பழைய மாணவர் இருவர் போதும். விவசாயம் கற்பிக்கும் ஆசிரியரின் மேற்பார்வையிலே உயர்தர வகுப்பு மாணவர் அடுக்குவார்களாயின், விருந்து முடிந்த மூன்றாம் மாதத்திலே தொட்டியைத் திறக்கலாம். இலைகளைத் தனியே எடுக்க ஒரு கூடையும், பிளாஸ்ரிக் கோப்பைகளுக்கு வேறொரு கூடையும், அவற்றின் அருகே நிற்பதற்குச் சாரணர் நால்வரும் வேண்டும். கோப்பைக்குப் பதிலாகப் பித்தளைப் பேணி வைப்பதானால் இரண்டாவது கூடைக்கு வேலையே இராது.